அவசர சிகிச்சைப் பிரிவிலிருந்து சமூக மருத்துவத்திற்கு: அமெரிக்காவில் ஓபியாய்டு அடிமைநோய்ச் சிகிச்சையின் இணைப்பு வரலாறு (1914–2023)

ஆய்வுச்சுருக்கம்

ஓபியாய்டு மருந்துகளை மிகை அளவில் உட்கொண்டு உயிராபத்தான நிலையில் மருத்துவமனைக்குக் கொண்டுவரப்படுவோரை அமெரிக்க அவசர சிகிச்சைப் பிரிவுகள் பல்லாண்டுகளாகக் காப்பாற்றி வருகின்றன. எனினும், காப்பாற்றப்பட்டவர்களில் பெரும்பாலோர் அடிமைநோய்க்கான தொடர் சிகிச்சை எதனையும் பெறாமலேயே வீடு திரும்பினர். இவ்விடைவெளி மருத்துவ அறிவின் குறைபாட்டால் மட்டும் தோன்றியதன்று; 1914ஆம் ஆண்டின் ஹாரிசன் சட்டம் தொடங்கி, அடிமைநோய்ச் சிகிச்சையைப் பொது மருத்துவத்திலிருந்து பிரித்து வைத்த சட்ட வரலாற்றின் விளைவு என்பதை இக்கட்டுரை நிறுவ முயல்கிறது. 2015இல் வெளியான ஏல் பல்கலைக்கழக ஆய்வும் அதன் பின்னர் நிகழ்ந்த சட்டத் திருத்தங்களும் இவ்விடைவெளியை எந்த அளவிற்குக் குறைத்தன என்பதும் ஆராயப்படுகிறது.

திறவுச்சொற்கள்: ஓபியாய்டு அடிமைநோய், அவசர சிகிச்சை, புப்ரெனார்பின், மெத்தடோன், ஹாரிசன் சட்டம், மூன்று நாள் விதி, சமூகநிலைச் சிகிச்சை.

முன்னுரை

அமெரிக்க ஐக்கிய நாடுகளில் மருந்து மிகை அளவினால் 2021ஆம் ஆண்டில் 1,06,699 பேர் இறந்தனர். அவர்களுள் 80,411 பேரின் மரணத்தில் ஓபியாய்டு மருந்துகளுக்குப் பங்கிருந்தது. இம்மரணங்கள் பலவற்றிற்கு முன்னர், இறந்தவர் ஒருமுறையேனும் மருத்துவமனையின் அவசர சிகிச்சைப் பிரிவிற்கு வந்திருக்கிறார் என்பது கவனத்திற்குரியது. மாசசூசெட்ஸ் மாநிலத்தில் மிகை அளவிற்காக அவசர சிகிச்சை பெற்று உயிர்பிழைத்த 11,557 பேரைப் பற்றிய ஆய்வொன்று 2020இல் வெளியானது. அவர்களுள் 635 பேர், அதாவது 5.5 விழுக்காட்டினர், ஓராண்டிற்குள் இறந்தனர். 130 பேர் ஒரு மாதத்திற்குள்ளும், அவர்களிலும் 29 பேர் இரண்டே நாட்களுக்குள்ளும் இறந்தனர். மருத்துவமனையின் வாயிலைக் கடந்து வெளியேறும் அந்நேரமே நோயாளிக்குப் பேராபத்து மிக்க நேரம் என்பதை இவ்வெண்கள் உணர்த்துகின்றன.

இந்நிலையில் இரு வினாக்கள் எழுகின்றன. உயிரை மீட்கும் இடத்திலேயே நோய்க்கான மருத்துவத்தையும் தொடங்கி, அதனைச் சமூகத்திலுள்ள மருத்துவரிடம் ஒப்படைக்கும் முறை ஏன் இத்தனை காலம் உருவாகவில்லை? உருவான பின்னரும் அது ஏன் முழுமை பெறவில்லை? இவ்விரு வினாக்களுக்கும் வரலாற்று நோக்கில் விடை காண்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

கலைச்சொல் குறித்து

அபினிலிருந்து எடுக்கப்படும் மார்பின், அதிலிருந்து ஆக்கப்படும் ஹெராயின், முற்றிலும் செயற்கையான ஃபென்டனில் ஆகிய யாவும் மூளையிலுள்ள ஒரே வகை ஏற்பிகளின் மீது செயற்படுவதால் ஓபியாய்டுகள் எனத் தொகுத்து வழங்கப்படுகின்றன. இவற்றின் மீதான கட்டுப்பாடற்ற சார்பினை அமெரிக்க உளமருத்துவக் கையேட்டின் 2013ஆம் ஆண்டுப் பதிப்பு 'பயன்பாட்டுக் கோளாறு' என்று குறித்தது. தமிழில் 'போதை அடிமை' என்னும் வழக்கு நோயைச் சுட்டாமல் நோயுற்றவரைச் சுட்டுகிறது. அத்துடன் பழியையும் சேர்த்தே சுமத்துகிறது. எனவே இக்கட்டுரையில் ஆளைக் குறிக்காமல் நிலையைக் குறிக்கும் 'அடிமைநோய்' என்னும் சொல் ஆளப்படுகிறது.

ஹாரிசன் சட்டமும் மருத்துவத்தின் பின்வாங்கலும்

1914ஆம் ஆண்டு டிசம்பர் 17ஆம் நாள் ஒப்புதல் பெற்ற ஹாரிசன் சட்டம் வடிவில் ஒரு வரிச் சட்டமே. அபின், கோக்கா ஆகியவற்றின் வழிப்பொருட்களைக் கையாள்வோர் பதிவு செய்துகொண்டு வரி செலுத்த வேண்டும் என்பதே அதன் வெளிப்படையான நோக்கம். மருத்துவர் தம் தொழிலின் நிமித்தம் மட்டும் இம்மருந்துகளை வழங்கலாம் என்று அது விலக்களித்தது. ஆனால் 'தொழிலின் நிமித்தம்' என்பதன் பொருள் யாது? அடிமைநோய் உடையவருக்கு அவருடைய துன்பம் தணியும் அளவு மருந்து தருவது மருத்துவமா, வணிகமா? சட்டம் இதனைத் தெளிவுபடுத்தவில்லை.

இவ்வினாவிற்கு 1919ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் வெப் வழக்கில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் விடை கூறியது. நோயைக் குணப்படுத்தும் முயற்சியாக அன்றி, வழக்கமான பயன்பாட்டைத் தொடர்வதற்காக மட்டுமே எழுதப்படும் மருந்துச் சீட்டை மருத்துவச் சீட்டாகக் கொள்ள இயலாது என்பதே அத்தீர்ப்பின் சாரம். இதன் விளைவாகத் தனி மருத்துவர்கள் அச்சத்தால் விலகினர். கைவிடப்பட்ட நோயாளிகளுக்காக 1919, 1920ஆம் ஆண்டுகளில் பல நகரங்களில் உள்ளாட்சி, பொதுச் சுகாதார அமைப்புகள் மருந்தகங்களைத் திறந்தன. லூசியானா மாநிலத்தின் ஷ்ரீவ்போர்ட் நகரில் மருத்துவர் வில்லிஸ் பட்லர் நடத்திய மருந்தகம் இவற்றுள் பெயர்பெற்றது. கூட்டரசு அலுவலர்களின் அழுத்தத்தால் இம்மருந்தகங்கள் ஒவ்வொன்றாக மூடப்பட்டன. ஷ்ரீவ்போர்ட் மருந்தகமும் 1923இல் மூடப்பட்டது.

1925இல் லிண்டர் வழக்கில் அதே உச்ச நீதிமன்றம் அடிமைநோய் உடையோரை மருத்துவத்திற்குரிய நோயாளிகள் என ஏற்றது. சிறிதளவு மருந்தை நன்னோக்குடன் வழங்கிய மருத்துவரின் தண்டனையையும் அது நீக்கியது. ஆயினும் நடைமுறை மாறவில்லை. சட்டத்தைச் செயற்படுத்தியோர் முந்தைய தீர்ப்பையே பற்றி நின்றனர். மருத்துவரும் மீண்டும் துணியவில்லை. தீர்ப்பினால் விளைந்த அச்சம் தீர்ப்பு தளர்ந்த பின்னரும் நிலைத்தது. இப்போக்கு ஒரு நூற்றாண்டிற்குப் பின்னர் மீண்டும் தோன்றுவதைக் கட்டுரையின் பிற்பகுதியில் காணலாம்.

தொலைவில் ஒரு மருத்துவமனை: லெக்சிங்டன்

பொது மருத்துவத்தால் கைவிடப்பட்டோருக்கெனக் கூட்டரசு 1935இல் கென்டக்கி மாநிலத்தின் லெக்சிங்டனிலும், 1938இல் டெக்சாஸ் மாநிலத்தின் ஃபோர்ட் வொர்த்திலும் பெரிய நிறுவனங்களை அமைத்தது. பாதி சிறையும் பாதி மருத்துவமனையுமாக இருந்த லெக்சிங்டனில் கைதிகளும், தாமாக வந்தோரும் ஒருங்கே தங்கவைக்கப்பட்டனர். மருந்து படிப்படியாக நிறுத்தப்பட்டது, உடல் தேறியது, பண்ணை வேலையும் தொழிற்பயிற்சியும் தரப்பட்டன. ஆனால் ஊர் திரும்பியவர்களுள் மிகப் பெரும்பாலோர் மீண்டும் மருந்திற்குத் திரும்பியதைப் பின்தொடர் ஆய்வுகள் காட்டின. நியூயார்க்கிலிருந்து பல நூறு மைல் கடந்து சென்று குணமடைந்தவர், மீண்டும் தம் தெருவிற்கே வந்து சேர்ந்தபோது அங்கு அவரைப் பொறுப்பேற்க மருத்துவர் எவருமில்லை. சிகிச்சை நிகழ்ந்த இடமும் வாழ்க்கை நிகழ்ந்த இடமும் வேறு வேறாக இருந்தமையே இத்தோல்வியின் முதன்மைக் காரணங்களுள் ஒன்று எனலாம்.

லெக்சிங்டனில் பணியாற்றி இத்தோல்வியை நேரில் கண்டவர்களுள் ஒருவர் உளமருத்துவர் மேரி நைஸ்வாண்டர். அவரும் வளர்சிதைமாற்ற ஆய்வாளரான வின்சென்ட் டோலும் நியூயார்க்கின் ராக்கஃபெல்லர் நிறுவனத்தில் மேற்கொண்ட மெத்தடோன் ஆய்வு 1965ஆம் ஆண்டு ஆகஸ்டில் அமெரிக்க மருத்துவச் சங்க இதழில் வெளியானது. 22 நோயாளிகள் மட்டுமே இடம்பெற்ற அவ்வாய்வு, நாள்தோறும் வாய்வழி தரப்படும் மருந்தினால் ஹெராயின் வேட்கை தணிந்து, நோயாளி தம் ஊரிலேயே வேலைக்கும் படிப்பிற்கும் திரும்ப இயலும் என்பதைக் காட்டியது. சமூகநிலைச் சிகிச்சை என்னும் கருத்து இங்குதான் உறுதியான வடிவம் பெற்றது.

1974ஆம் ஆண்டுச் சட்டமும் மூன்று நாள் விதியும்

மெத்தடோன் ஏற்கப்பட்ட முறையிலும் பழைய பிரிவினையே தொடர்ந்தது. 1974ஆம் ஆண்டின் போதை அடிமையர் சிகிச்சைச் சட்டம், இம்மருந்தைத் தனிப் பதிவு பெற்ற சிகிச்சை நிலையங்கள் மட்டுமே வழங்கலாம் என வரையறுத்தது. நோயாளி நாள்தோறும் அந்நிலையத்திற்குச் சென்று, பணியாளர் முன்னிலையில் மருந்தை உட்கொள்ள வேண்டியிருந்தது. பொது மருத்துவமனையின் மருத்துவருக்கோ, குடும்ப மருத்துவருக்கோ இதில் இடமில்லை.

அவசர நிலைக்கென ஒரு சிறு சாளரம் மட்டும் விதிகளில் விடப்பட்டது. தனிப் பதிவு இல்லாத மருத்துவர், நோயாளியின் மருந்து நிறுத்தத் துன்பத்தைத் தணிக்க மூன்று நாட்களுக்கு மேற்படாமல் மருந்தளிக்கலாம். அந்நாட்களில் அவரை உரிய சிகிச்சைக்கு அனுப்ப ஏற்பாடு செய்ய வேண்டும். சீட்டு எழுதித் தர இயலாது. ஒரு நேரத்தில் ஒரு நாளைக்குரிய மருந்தையே அளிக்கலாம். கால நீட்டிப்பும் இல்லை. அவசர சிகிச்சைக்கும் சமூகச் சிகிச்சைக்கும் இடையே ஒரு பாலம் தேவை என்பதைச் சட்டம் இவ்விதியின் வழியே ஒப்புக்கொண்டது. எனினும், நோயாளி மூன்று நாளும் மருத்துவமனைக்கு நடந்து வர வேண்டும் என்ற நிபந்தனையால் அப்பாலம் பெரும்பாலும் பயன்படாமலேயே கிடந்தது.

1986இல் இயற்றப்பட்ட மற்றொரு சட்டம் இங்குக் குறிப்பிடத்தக்கது. பணம் செலுத்த இயலுமா என்று பாராது, அவசர சிகிச்சைப் பிரிவிற்கு வரும் எவரையும் பரிசோதித்து உடல்நிலையை நிலைப்படுத்த வேண்டும் என்று அது மருத்துவமனைகளைப் பணித்தது. இதனால் காப்பீடு இல்லாதோர்க்கு எந்நேரமும் திறந்திருக்கும் ஒரே மருத்துவ வாயிலாக அவசர சிகிச்சைப் பிரிவு அமைந்தது. ஆனால் நிலைப்படுத்துவதோடு அச்சட்டத்தின் கட்டளை முடிந்தது. அதன்பின் நோயாளியைத் தொடர்ந்து காப்பது எவருடைய கடமை என்று அது கூறவில்லை. 1971இல் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்ற நலாக்சோன் மருந்து நின்றுபோகும் மூச்சைச் சில நிமிடங்களில் மீட்டது. மீட்கப்பட்டவரின் கையில் சிகிச்சை நிலையங்களின் தொலைபேசி எண்கள் அச்சிடப்பட்ட தாள் ஒன்று தரப்பட்டது. பெரும்பாலான மருத்துவமனைகளில் 'இணைப்பு' என்பது இவ்வளவே.

புப்ரெனார்பினும் 2000ஆம் ஆண்டுச் சட்டமும்

புப்ரெனார்பின் 1960களில் இங்கிலாந்தின் ரெக்கிட் நிறுவன ஆய்வகத்தில் உருவாக்கப்பட்ட மருந்து. ஏற்பியை வலுவாகப் பற்றிக்கொண்டு அதனைப் பகுதி அளவே தூண்டுவது இதன் தன்மை. ஆகவே வேட்கையும் துன்பமும் தணிகின்றன. மூச்சு ஒடுங்கும் ஆபத்தோ மெத்தடோனைக் காட்டிலும் குறைவு. அடிமைநோய்ச் சிகிச்சைக்கு இது பயன்படக்கூடும் என்பதை லெக்சிங்டனில் இயங்கிய ஆய்வு மையத்தின் டொனால்ட் ஜாசின்ஸ்கியும் அவருடைய குழுவினரும் 1978இல் எடுத்துரைத்தனர்.

பிரான்ஸ் நாடு 1990களின் நடுப்பகுதியில் பொது மருத்துவர் அனைவரும் இதனைத் தனிப் பயிற்சியின்றி எழுதித் தர இசைவளித்தது. 1995க்கும் 1999க்கும் இடையே அங்கு மிகை அளவு மரணங்கள் 79 விழுக்காடு குறைந்தன. பிற காரணங்களும் இதற்குத் துணைபுரிந்திருக்கலாம் எனினும், மருந்தைச் சாதாரண மருத்துவரின் கைக்குக் கொண்டுசேர்த்ததன் பயனை இது காட்டிற்று.

அமெரிக்கா அரைவழி மட்டுமே சென்றது. 2000ஆம் ஆண்டின் அடிமைநோய்ச் சிகிச்சைச் சட்டம், தனி நிலையங்களுக்கு வெளியேயும் இத்தகைய மருந்தை எழுத மருத்துவர்க்கு வழி செய்தது. புப்ரெனார்பின் 2002 அக்டோபரில் ஒப்புதல் பெற்றது. ஆனால் அதற்கென எட்டு மணி நேரப் பயிற்சியும், எக்ஸ் என்னும் எழுத்தில் தொடங்கும் தனிப் பதிவெண்ணும் தேவைப்பட்டன. ஒரே நேரத்தில் 30 நோயாளிகளுக்கு மேல் ஏற்றல் கூடாது என்ற வரம்பும் இருந்தது. இவ்வரம்பு பின்னர் 100 எனவும், 2016இல் தகுதியுடையோர்க்கு 275 எனவும் உயர்த்தப்பட்டது. 1996இல் விற்பனைக்கு வந்த ஆக்சிகான்டின் போன்ற வலுவான வலிநீக்கி ஓபியாய்டுகளை எழுத இத்தகைய வரம்பு ஏதும் இருக்கவில்லை. நோயைத் தோற்றுவிக்கக்கூடிய மருந்திற்குத் தடையில்லை. அந்நோயைத் தணிக்கும் மருந்திற்குத் தடையுண்டு. ஹாரிசன் சட்டக் காலத்து ஐயமே இங்கும் தொடர்ந்தது.

இத்தடையின் சமூக விளைவும் சமமாக அமையவில்லை. புப்ரெனார்பின் பெரும்பாலும் தனியார் காப்பீடு உடைய, அல்லது கைப்பணம் செலுத்த இயன்ற வெள்ளையின நோயாளிகளையே சென்றடைந்தது. கறுப்பின மக்களும் லத்தீன் அமெரிக்க வழியினரும் மிகுதியாக வாழும் நகர்ப்பகுதிகளில் நாள்தோறும் வரிசையில் நிற்க வேண்டிய மெத்தடோன் நிலையமே சிகிச்சையின் முகமாக நீடித்தது.

ஏல் ஆய்வு: சான்றும் அதன் எல்லையும்

அவசர சிகிச்சைப் பிரிவிலேயே சிகிச்சையைத் தொடங்க இயலுமா என்னும் வினாவைக் கெயில் டோனோஃப்ரியோ தலைமையிலான ஏல் பல்கலைக்கழகக் குழு முறையாக ஆராய்ந்தது. கனெக்டிகட் மாநிலத்தின் நியூ ஹேவன் நகரில் 2009 முதல் 2013 வரை 329 நோயாளிகள் மூன்று குழுக்களாகப் பிரிக்கப்பட்டனர். முதற்குழுவினர்க்குச் சிகிச்சை நிலையங்கள் பற்றிய பரிந்துரை மட்டும் தரப்பட்டது. இரண்டாம் குழுவினர்க்குச் சுருக்கமான அறிவுரையும், நிலையத்துடன் நேரடித் தொடர்பு ஏற்படுத்தும் உதவியும் கிடைத்தன. மூன்றாம் குழுவினர்க்கு அறிவுரையுடன் புப்ரெனார்பினும் அங்கேயே தொடங்கப்பட்டது. பின்னர் 72 மணி நேரத்திற்குள் அடிப்படை மருத்துவரைக் காணும் ஏற்பாடும், பத்து வாரத் தொடர் சிகிச்சையும் அளிக்கப்பட்டன.

2015இல் வெளியான முடிவுகளின்படி, முப்பதாம் நாளில் முறையான சிகிச்சையில் இருந்தோர் முதற்குழுவில் 37 விழுக்காடு, இரண்டாம் குழுவில் 45 விழுக்காடு, மூன்றாம் குழுவில் 78 விழுக்காடு. நோயாளிகள் கூறியபடி, சட்டப் புறம்பான ஓபியாய்டுப் பயன்பாடு மூன்றாம் குழுவில் வாரத்திற்கு 5.4 நாட்களிலிருந்து 0.9 நாளாகக் குறைந்தது. எனினும் சிறுநீர்ச் சோதனையில் குழுக்களிடையே தெளிவான வேறுபாடு காணப்படவில்லை. இதனையும் சேர்த்தே ஆய்வை மதிப்பிடல் வேண்டும்.

இவ்வாய்வின் தொடர்ச்சியாக 2017இல் வெளியான முடிவு வரலாற்று நோக்கில் இன்னும் முக்கியமானது. இரண்டாம் மாதத்தில் மூன்றாம் குழுவின் 74 விழுக்காட்டினர் சிகிச்சையில் இருந்தனர். ஏனைய குழுக்களில் 53, 47 விழுக்காட்டினர் இருந்தனர். ஆனால் ஆறாம் மாதத்திலும் பன்னிரண்டாம் மாதத்திலும் அவ்வேறுபாடு மறைந்தது. பத்து வார ஏற்பாடு முடிந்து, நோயாளிகள் பிற சமூக நிலையங்களுக்கு மாற்றப்பட்டதும் முன்னிலை கரைந்துவிட்டது. மருந்தின் ஆற்றல் குறைந்தது என்று இதற்குப் பொருள் கொள்வதினும், பொறுப்பேற்கும் கை விலகியதும் பயனும் விலகியது என்று பொருள் கொள்வதே பொருத்தமாகும். இணைப்பு என்பது ஒரு நாளில் முடியும் நிகழ்வன்று. ஒருவரிடமிருந்து மற்றொருவருக்குக் கைமாறிச் செல்லும் தொடர் கடமை.

பரவலும் தடைகளும்

இச்சான்றின் வழியே பல முயற்சிகள் தோன்றின. கலிஃபோர்னியாவின் ஓக்லண்டிலுள்ள ஹைலண்ட் மருத்துவமனையில் ஆண்ட்ரூ ஹெர்ரிங் முதலியோர் வளர்த்த முறை, 'பாலம்' என்னும் பொருள்தரும் பெயரோடு அம்மாநிலத்தின் பல மருத்துவமனைகளுக்கும் பரவியது. நோயாளிக்கு வழிகாட்டும் பணியாளர் ஒருவர் அவசரப் பிரிவிலேயே இருந்து, முன்பதிவு, காப்பீடு, போக்குவரத்து ஆகியவற்றைக் கவனிப்பது இம்முறையின் சிறப்பு. ரோட் ஐலண்ட் மாநிலம், அடிமைநோயிலிருந்து மீண்டவர்களையே துணைவர்களாக நோயாளியின் படுக்கையருகே அனுப்பியது. இத்துணைவர்களையும் உரிமம் பெற்ற சமூகப் பணியாளர்களையும் ஒப்பிட்ட ஆய்வில், சிகிச்சையில் சேர்ந்தோர் அளவில் குறிப்பிடத்தக்க வேறுபாடு காணப்படவில்லை. இருவகையினர் அனுப்பியோரிலும் பெரும்பாலோர் ஒரு மாதத்திற்குள் சிகிச்சையில் சேரவில்லை. நல்ல வழிகாட்டியினும் சேர்வதற்குரிய இடமும், தடையற்ற மருந்தும் தேவை என்பதை இது உணர்த்தும்.

மாசசூசெட்ஸில் 2012 முதல் 2014 வரை மிகை அளவிலிருந்து பிழைத்த 17,568 பேரைப் பற்றிய ஆய்வு 2018இல் வெளியானது. அடுத்த ஓராண்டில் அடிமைநோய்க்கான மருந்து பெற்றோர் பத்தில் மூவரே. மெத்தடோன் பெற்றோரிடையே மரணம் 59 விழுக்காடும், புப்ரெனார்பின் பெற்றோரிடையே 38 விழுக்காடும் குறைவாக இருந்தன. பெறாத எழுவரின் கணக்கே இடைவெளியின் உண்மையான அளவு.

இதற்கிடையில் 2013 முதல் சட்டப் புறம்பான ஃபென்டனில் பரவி நிலைமையை மேலும் கடினமாக்கியது. ஃபென்டனில் கொழுப்புத் திசுக்களில் தங்கி மெதுவாக வெளியேறுவதால், புப்ரெனார்பினைக் காலத்திற்கு முன் தந்தால் கடுந்துன்பம் தூண்டப்படுமோ என்னும் அச்சம் மருத்துவரிடமும் நோயாளியிடமும் வளர்ந்தது.

சட்டத் தடைகள் இக்காலத்தில் ஒவ்வொன்றாகத் தளர்ந்தன. 2020 டிசம்பரில் நாடாளுமன்றம் மூன்று நாள் விதியைத் திருத்தப் பணித்தது. 2022 மார்ச்சிலிருந்து விண்ணப்பித்தோர்க்கு விலக்கும், 2023 ஆகஸ்டில் இறுதி விதியும் வந்தன. மூன்று நாளைக்குரிய மருந்தை ஒரே முறையில் கையில் கொடுத்தனுப்பலாம் என்பதே மாற்றம். 2022 டிசம்பர் 29இல் ஒப்புதல் பெற்ற சட்டம் எக்ஸ் பதிவெண் முறையையே நீக்கியது. அதன்பின் மருந்தை எழுதுவோர் எண்ணிக்கை உயர்ந்தது. ஆனால் பெறும் நோயாளிகளின் எண்ணிக்கை அதற்கேற்ப உயரவில்லை. லிண்டர் தீர்ப்பிற்குப் பின் கண்டது போலவே, சட்டம் விலகிய இடத்தில் சட்டம் வளர்த்த வழக்கம் நின்றது. மருந்துக் கடைகள் இருப்பு வைக்கத் தயங்கின. அடிப்படை மருத்துவர் பலர் இந்நோயாளிகளை 'வேறொருவரின் பொறுப்பு' என்றே கருதினர்.

முடிவுரை

மேற்கூறியவற்றால் மூன்று கருத்துகள் பெறப்படுகின்றன.

முதலாவது, அவசர சிகிச்சைக்கும் சமூகச் சிகிச்சைக்கும் இடையிலான பிளவு இயல்பாகத் தோன்றியதன்று. 1919ஆம் ஆண்டுத் தீர்ப்பும் மருந்தகங்களின் மூடலும் 1974ஆம் ஆண்டுச் சட்டமும் அதனைப் படிப்படியாகக் கட்டின. இதே மருத்துவமனையில் மாரடைப்பு நோயாளியும் நீரிழிவு நோயாளியும் மருந்துடனும் அடுத்த சந்திப்பிற்கான நாளுடனும் அனுப்பப்பட்டனர். அடிமைநோய் உடையவர் மட்டுமே தாளுடன் அனுப்பப்பட்டார்.

இரண்டாவது, தொலைபேசி எண் தருவதும் மருந்து தொடங்கி ஒப்படைப்பதும் ஒன்றல்ல. 37க்கும் 78க்கும் இடைப்பட்ட வேறுபாடு இதற்குச் சான்று. அவ்வொப்படைப்பும் ஏற்பவர் இருக்கும் வரையே நிலைக்கும் என்பதை ஆறாம் மாத முடிவு தெளிவாக்குகிறது.

மூன்றாவது, சட்டத்தை நீக்குதல் தேவையானது, ஆனால் போதுமானதன்று. ஒரு நூற்றாண்டுக் காலம் மருத்துவரின் மனத்தில் படிந்த ஐயம் ஓர் ஒப்புதல் கையெழுத்தால் அகல்வதில்லை. மருத்துவக் கல்வி, காப்பீடு, மருந்துக் கடை, அடிப்படை மருத்துவ நிலையம் ஆகிய நான்கும் ஒருங்கே மாறினால் அன்றிப் பாலத்தின் மறுகரை உருவாகாது. மிகை அளவிலிருந்து மீண்டு, இரண்டு நாட்களுக்குள் இறந்த அந்த 29 பேர் இக்கரையைக் கடந்தவர்கள். மறுகரையில் அவர்களை ஏற்க எவருமில்லை. மீட்பு எங்கே முடிகிறது, பொறுப்பு எங்கே தொடங்குகிறது என்னும் வினாவை மருத்துவ வரலாற்று ஆய்வாளர்கள் பிற நாடுகளின் சட்டங்களோடும் ஒப்பிட்டு மேலும் ஆராய்தல் பயனுடையதாகும்.